வேலூரில் உட்கார்ந்தபடி முதல் எலக்ட்ரானிக் ட்ராக்கை வெளியிடுவது எப்படி

லேப்டாப் ஒன்று, ஆள் ஒருவர், நாலு நிமிட எலக்ட்ரானிக் ட்ராக் ஒன்று. அது உங்கள் பெயரில் ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், யூடியூப் மியூசிக்கில் வரவேண்டும், வருகிற காசு உங்கள் பாஸ்புக்கில் ஏறவேண்டும். காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ இருந்துகொண்டு இதை முடிக்க என்னென்ன வேண்டும் என்பது மட்டுமே இங்கே. சிந்தசைசர் பிறந்த கதையை வேறு இடத்தில் படித்துக்கொள்ளலாம்.

லேப்டாப் ஏற்கெனவே இருந்தால் செலவு 15,000 முதல் 30,000 ரூபாய். காலம் மூன்று, நான்கு மாதம். புதியவர்களைப் பாதியில் நிறுத்துபவை பெரும்பாலும் மூன்று: பான் கார்டில் உள்ள பெயர், வீட்டு எர்த், தேதிக் கணக்கு. அதனால்தான் இந்த வரிசையில் கருவிக் கடைக்கு மூன்றாவதாகப் போகிறோம்.

1. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

நம் ஊர் இன்ஷியல் வெளிநாட்டுப் படிவங்களுக்குப் புரியாது. ஆதாரில் "குமார் எஸ்", பானில் "குமார் சுப்ரமணி", பாஸ்புக்கில் "எஸ். குமார்" என்று மூன்று விதமாக இருந்தால், ட்ராக் வெளியாகும், பணம் மட்டும் வராது. இசை விநியோகத் தளமும் (உங்கள் ட்ராக்கை ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்கு அனுப்பும் நிறுவனம்) பணம் அனுப்பும் தளமும் வங்கியும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒரு புள்ளி கூடினாலும் பணம் திரும்பிப் போக வாய்ப்பு உண்டு.

செய்ய வேண்டியது: பானில் உள்ள விரிந்த பெயரை அளவுகோலாக வைத்துக்கொண்டு, வங்கிக் கணக்கின் பெயரை அதற்கு மாற்றுங்கள். கிளைக்கு நேரில் போய் பான், ஆதார் ஜெராக்ஸோடு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். பானையே திருத்த வேண்டியிருந்தால் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நூற்றுச் சொச்சம் ரூபாய் ஆகும், இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பானே இல்லாதவர்கள், ஆதாரில் மொபைல் எண் இணைந்திருந்தால், வருமான வரித் தளத்தில் உடனடி இ-பான் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பான், ஆதார் இரண்டும் இணைந்திருக்கின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். இணைக்காத பான் செயலற்றதாகிவிடும்.

முகவரியில் இன்னொரு சிக்கல். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. வாலாஜாப்பேட்டைக்காரர் ஆதாரில் இன்னும் "வேலூர் மாவட்டம்" என்றிருக்கும். புதிய ஆவணத்தில் ராணிப்பேட்டை இருக்கும். எது சரி என்ற வாதத்துக்குள் போகவேண்டாம். சான்றாக எந்த ஆவணத்தை ஏற்றுகிறீர்களோ, அதில் உள்ளபடியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள்.

விநியோகத் தளம் அமெரிக்க நிறுவனம் என்றால் டபிள்யூ-8பென் என்ற வரிப்படிவம் கேட்கும். வெளிநாட்டு வரி எண் என்ற கட்டத்தில் பான் எண், நாடு இந்தியா, வரி ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவு, ராயல்டி, 15 சதவீதம். இதை நிரப்பாமல் விட்டால் அமெரிக்க வருமானத்தில் 30 சதவீதம் பிடிப்பார்கள். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது ஆண்டின் கடைசி நாள்வரை செல்லும். அதன்பின் புதிதாகத் தரவேண்டும். பதினெட்டு வயது ஆகாதவர்கள் அப்பா, அம்மா பெயரில் கணக்குத் தொடங்கலாம். இசைப் பெயர் வேறாக இருப்பதில் தடையில்லை.

அந்த இசைப் பெயரை இன்றே முடிவு செய்யுங்கள். ஸ்பாட்டிஃபையில் தேடி, அதே பெயரில் ஏற்கெனவே யாரும் இல்லை என்று பாருங்கள். ழகரம் உள்ள பெயர் என்றால் ஆங்கில எழுத்துகளில் எப்படி எழுதுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். இரண்டாவது ட்ராக்கில் எழுத்தை மாற்றினால் இரண்டாவதாக ஒரு கலைஞர் பக்கம் முளைக்கும். இரண்டையும் ஒன்றாக்க வாரக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பவேண்டி வரும்.

2. கரண்ட்

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் அடிநாதமாக ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சல் 50, 100, 150 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். ஐந்து கட்டை சுருதியில் ட்ராக் செய்கிறவர்களுக்கு இது கூடுதல் தலைவலி: ஐந்து கட்டையின் கீழ் ஸ்தாயி ஆதார சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் மோதி, வினாடிக்கு ஒருமுறை பேஸ் வீங்கி வடிவதுபோலக் கேட்கும். அதை மிக்ஸில் சரிசெய்ய முயன்று பல இரவுகள் போகும்.

எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்-நியூட்ரல் சுமார் 230 வோல்ட். ஃபேஸ்-எர்த் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். கடைசி அளவு ஐந்தைத் தாண்டினால் எர்த் சரியில்லை. இங்கே கோடையில் மண் காய்ந்து இறுகிவிடுவதால், நல்ல எர்த் குழிகூட சித்திரை, வைகாசியில் வேலை செய்யாமல் போகும். வாரம் ஒருமுறை அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே பாதி இரைச்சல் அடங்கும். செலவில்லாத வைத்தியம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வரிசை:

முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் சார்ஜர்தான். பெரும்பாலும் எர்த் பின் இல்லாத இரண்டு-பின் பிளக்காக இருக்கும். நிற்கவில்லை என்றால் மின்விசிறியை நிறுத்துங்கள். புதிய வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் 2, 3 வேகத்தில் வைத்தால் சிலவற்றில் கரகரப்பு வரும். முழு வேகத்திலோ நிறுத்தியோ வைத்தால் போய்விடும். அடுத்தது இன்வெர்ட்டர். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் கரகரப்பு தொடங்கினால் அது ஸ்கொயர் வேவ் வகை. இசை வேலைக்கு ப்யூர் சைன் வேவ் வேண்டும். மாற்ற வசதியில்லை என்றால், கரண்ட் இல்லாத நேரத்தில் லேப்டாப் பேட்டரியும் ஹெட்போனும் மட்டும்.

எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து (லேப்டாப்புக்கு ஒலியை உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோகும் பெட்டி) ஸ்பீக்கருக்கு, இரைச்சலைத் தடுக்கும் டிஆர்எஸ் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். இரைச்சல் நிற்கிறது என்பதற்காக எர்த் பின்னை உடைக்கவோ வெட்டவோ கூடாது. மைக் செட் போடும் இடங்களில் இதைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஷாக் அடித்தால் உயிர் போகும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணியிலிருந்து பல மணி நேரம் இருக்கும். முந்தைய நாள் நாளிதழில் வரும். அன்றைக்குப் பாட்டு ஏற்றும் வேலையை வைக்காதீர்கள். மென்பொருளில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும் வசதியை இயக்கிவையுங்கள்.

மே மாதத்தில் வெளியே நாற்பது டிகிரியைத் தாண்டும்போது லேப்டாப் சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது ட்ராக் 'டப் டப்' என்று வெடிக்கும். கனமான சிந்த் (மென்பொருள் சிந்தசைசர்) உள்ள ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்து ஆடியோவாக மாற்றிவிடுங்கள். அல்லது விடியற்காலையில் வேலை பாருங்கள்.

3. கருவி: எது முதலில், எது வேண்டவே வேண்டாம்

விலையெல்லாம் தோராயம்.

லேப்டாப்: 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. 8 ஜிபியிலும் முதல் ட்ராக்கை முடிக்கலாம், பொறுமை வேண்டும்.
மூடிய வகை, வயருள்ள ஹெட்போன்: 4,000 முதல் 8,000.
இரண்டு சேனல் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்: 7,000 முதல் 14,000.
25 கட்டை மிடி கீபோர்டு (லேப்டாப்பில் உள்ள சிந்தை வாசிக்க): 5,000 முதல் 9,000.

கடைசியை வாங்கும் முன் பரணில் பாருங்கள். கச்சேரிக்கு வாசித்த பழைய கேசியோ, யமஹா கீபோர்டின் பின்பக்கத்தில் சதுர வடிவ யுஎஸ்பி துளை இருந்தால், பிரிண்டர் கேபிளைச் சொருகினால் பெரும்பாலும் அதுவே மிடி கீபோர்டு. ஐந்து பின் வட்டத் துளை மட்டும் இருந்தால் மிடி-யுஎஸ்பி கேபிள் வேண்டும். முந்நூறு, நானூறு ரூபாய் கேபிள்கள் வேகமாக வாசித்தால் சுரங்களை விழுங்கும்; ஒரு சுரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

புளூடூத் ஹெட்போன் உதவாது. கட்டையைத் தட்டி ஒலி காதுக்கு வர நூறு, இருநூறு மில்லிவினாடி ஆகும், தாளம் நிற்காது. ஸ்பீக்கரை முதல் ஆண்டில் மறந்துவிடுங்கள். டைல்ஸ் தரையும் கான்கிரீட் சுவரும் உள்ள பத்துக்குப் பத்து அறையில் நல்ல ஸ்பீக்கரும் பொய் சொல்லும். முட்டை அட்டை ஒட்டினால் அறை அசிங்கமாகும், பேஸ் அப்படியே இருக்கும். இலவம்பஞ்சு மெத்தையை மூலையில் நிமிர்த்தி வைப்பது அதைவிட மேல்.

கேபிள், ஸ்டாண்டு எல்லாம் வேலூரிலேயே வாங்கலாம். இன்டர்ஃபேஸுக்கு ஆன்லைன் அல்லது சென்னை. காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். ரிச்சி தெருவைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம். சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் கடையைவிட்டு இறங்காதீர்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் இன்னொன்று: இன்டர்ஃபேஸோடு வரும் இலவச மென்பொருள் உரிமத்தை முதல் உரிமையாளர் தன் பெயரில் பதிந்திருப்பார். அதையும் மாற்றித் தருவாரா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

4. மென்பொருள்

ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் மாற்றாதீர்கள். ரீப்பர் 60 நாள் முழுமையாக இயங்கும். சொந்தப் பயனுக்கான உரிமம் 60 டாலர். எஃப்எல் ஸ்டூடியோ சோதனைப் பதிப்பில் சேமிக்கலாம், ஆனால் சேமித்ததை வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது. இது தெரியாமல் பாதி ட்ராக்கை மூடிவைத்துவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம். மேக் வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் இலவசம். சிந்துக்கு சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸ்ட் (Dexed), வைட்டலின் இலவசப் பதிப்பு மூன்றும் போதும். கிராக் மென்பொருள் வைரஸோடு வரும்.

நிறுவியதும் பஃபர் அளவைப் பாருங்கள்; கட்டையை அழுத்தி ஒலி வர ஆகும் தாமதம் அதைப் பொறுத்தது. 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.9 மில்லிவினாடி, 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6. வாசிக்கும்போது 128 அல்லது 256. மிக்ஸ் செய்யும்போது 512-க்கு மேல். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் சொந்த ஏசியோ டிரைவரையே போடுங்கள். வெடிப்புச் சத்தம் வந்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள், பல லேப்டாப்புகளில் குற்றவாளி அதுதான்.

5. ட்ராக்: கட்டை, தாளம், கமகம்

மென்பொருள் திறந்ததும் 4/4, 120 என்று நிற்கும். அப்படியே தொடங்கினால் எல்லார் ட்ராக்கும் ஒரே மாதிரி வரும்.

சுருதி: ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை ஆகியவை கறுப்புக் கட்டைகள். ட்ராக் ஒரு கட்டையில் என்றால் கிக் டிரம்மைச் சட்ஜத்தில் வைக்காதீர்கள், அது 32.7 ஹெர்ட்ஸ், பெரும்பாலான ஸ்பீக்கர்களில் சரியாகக் கேட்காது. பஞ்சமத்தில், அதாவது 49 ஹெர்ட்ஸில் வையுங்கள். அல்லது மேல் சட்ஜத்தில், 65.4.

தாளம்: ஆதி என்றால் 4/4-ல் இரண்டு பார். மிஸ்ர சாபுக்கு 7/8. ஆறெண்ணிக்கை நடைக்கு 6/8. இங்கே ஒரு குழி இருக்கிறது. பல மென்பொருள்கள் வேகத்தைக் கால் சுரத்தில்தான் (குவார்ட்டர் நோட்) எண்ணும். 6/8-ல் ஓர் அடி என்பது ஒன்றரைக் கால் சுரம்; அதனால் நிமிடத்துக்கு நூறு அடி வேண்டுமென்றால் 150 என்று கொடுக்கவேண்டும். நூறு என்றே கொடுத்துவிட்டு, ஏன் இழுக்கிறது என்று குழம்பவேண்டாம். அடிகளைக் கட்டத்தில் நூறு சதவீதம் ஒட்டவைத்தால் நடை செத்துவிடும். குவான்டைஸ் அளவை ஐம்பது, அறுபதில் நிறுத்துங்கள்.

கமகம்: சிந்தை மோனோ (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), லெகாட்டோ (சுரங்கள் இடைவெளியின்றித் தொடர்வது) நிலைக்கு மாற்றி, கிளைடு நேரத்தை 60 முதல் 120 மில்லிவினாடிக்குள் வையுங்கள். சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறியிருந்தால்தான் வழுக்கும். பிட்ச் பெண்டு அளவு வழக்கமாக இரண்டு செமிடோன். அசைவுகளுக்கு இது போதும். சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாரு (வழுக்கல்) போட ஏழு வேண்டும். சிந்திலும் மென்பொருளிலும் அளவு வேறுவேறாக இருந்தால் பஞ்சமத்துக்குப் போகவேண்டியது மத்தியமத்தில் நின்றுவிடும். மாயாமாளவகௌளையின் ரிஷபத்தை வெறும் கட்டையாக அழுத்தினால் ஒட்டவே ஒட்டாது. சட்ஜத்தில் தொட்டு மேலே அசைத்து, பெண்டு வளைவைக் கையால் வரையுங்கள். பம்பாய்க் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் சிந்தசைசரையும் வைத்து ராகங்களைப் பதிவு செய்தார். அந்தப் பெட்டியில் சுரத்தை வழுக்கவிடும் ஸ்லைடு பொத்தான் உண்டு. அதே வழுக்கலை இன்று இலவச சிந்திலேயே எடுக்கலாம்.

6. பம்பை, பறை பதிவு செய்யப் போகிறீர்களா

வடாற்காட்டில் இருந்துகொண்டு கடையில் விற்கும் டிரம் லூப்பையே போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் போனை நீட்டிப் பதிவு செய்ததை ட்ராக்கில் போடாதீர்கள். ஒன்று, போனின் வாய்ஸ் ரெக்கார்டர் சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் பின்னணி பொங்கிவரும். இரண்டு, அதில் மைக் செட்டில் ஓடும் சினிமாப் பாட்டும் விழுந்திருக்கும். மூன்று, வாசித்தவருக்குச் சட்டப்படி நிகழ்த்துநர் உரிமை உண்டு.

கலைஞரைத் தனியே அழையுங்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசியில். அதன்பின் ஆடி மாதம் முழுக்க அவர்களுக்கு ஓய்வு இருக்காது. ஐப்பசிக்கு மேல் கேட்டால் நேரம் கிடைக்கும். மைக்கை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்; மிக அருகில் வைத்தால் பம்பையின் ஒலி பிளந்துவிடும். 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. தனித்தனி அடி ஒவ்வொன்றும் பத்து முறை, பிறகு முழு நடை நாலு நிமிடம். ட்ராக் 44.1-ல் இருந்தால் பதிவும் 44.1. 48-ல் எடுத்ததை மாற்றாமல் 44.1-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கிவிடும்.

அன்றே கூலியைக் கொடுத்து, தமிழில் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். அதில் இருக்கவேண்டியவை: பதிவு நாள், இடம், கொடுத்த தொகை, எந்த ட்ராக்குகளில் பயன்படுத்தலாம், பெயர் எப்படிக் குறிப்பிடப்படும், வருமானத்தில் பங்கு உண்டா இல்லையா. படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள். நகலை அவரிடம் கொடுங்கள்.

7. மிக்ஸ்

சுருக்கமாக: மாஸ்டரின் (வெளியிடத் தயாரான கடைசிக் கோப்பு) ட்ரூ பீக், அதாவது உண்மையான உச்சம், மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சத்தத்தைச் சமன் செய்யும். அதைவிட ஏற்றி நசுக்கினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள், நசுங்கல் மட்டும் மிஞ்சும். மோனோவில் ஒருமுறை கேளுங்கள். குழாய் ஸ்பீக்கரில் ஆழமான பேஸ் வராது. பேஸின் மேல் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச் சிதைவு) போட்டால்தான் அங்கே அது இருக்கிறது என்றே தெரியும். ஒரு ஷேர் ஆட்டோக்காரரிடம் கேட்டு அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை.

8. வெளியீட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

35 நாள் முன்: மாஸ்டர் முடிந்திருக்கவேண்டும். 16 பிட், 44.1 வேவ் கோப்பு.
28 நாள் முன்: விநியோகத் தளத்தில் ஏற்றவேண்டும்.
20 நாள் முன்: நிராகரிப்பு வந்தால் திருத்த நேரம்.
7 நாள் முன்: ஸ்பாட்டிஃபையின் கலைஞர் தளத்தில் ட்ராக்கைப் பரிந்துரைக்கக் கடைசி நாள். இது தவறினால் உங்களைப் பின்தொடர்பவர்களின் வாரப் பட்டியலில் அந்த ட்ராக் வருவதற்கு உத்தரவாதமில்லை.

விநியோகத் தளங்கள் மூன்று வகை: ஆண்டுச் சந்தா, ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறைக் கட்டணம், இலவசம் ஆனால் பங்கு. மூன்றாம் வகையில் ரவுட்நோட் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. சந்தா வகையில், கட்டுவதை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடுமா என்று விதிமுறையைப் படித்துவிட்டுச் சேருங்கள். முதல் ட்ராக்குக்குச் சந்தா வேண்டாம் என்பது என் கருத்து.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல், ஆர்ஜிபி. அதில் போன் எண், இணைய முகவரி, தளங்களின் சின்னம் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். படத்தில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். பாடல் இல்லாத ட்ராக் என்றால் மொழிக் கட்டத்தில் தமிழ் என்று போடாமல் இன்ஸ்ட்ருமென்டல் என்று குறியுங்கள். ஐஎஸ்ஆர்சி எண் பன்னிரண்டு எழுத்து, பதிவு ஒவ்வொன்றுக்கும் ஒன்று; விநியோகஸ்தரே தருவார். குறித்து வையுங்கள். பின்னாளில் தளம் மாறும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை தொடரும்.

யூடியூப் கன்டென்ட் ஐடி (உங்கள் ஒலி உள்ள வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி) என்ற பெட்டியை யோசிக்காமல் டிக் செய்யாதீர்கள். ட்ராக்கில் ஒரே ஒரு வாங்கிய லூப் இருந்தாலும், அதே லூப்பைப் பயன்படுத்திய அடுத்தவர் வீடியோவுக்கு உங்கள் பெயரில் உரிமைக் கோரிக்கை போகும். புகார் வந்து கணக்கே முடங்கலாம்.

பணம் வர வெளியீட்டுக்குப் பின் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு கேட்பு. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 கேட்பு தொடாத ட்ராக்குக்குப் பணம் இல்லை.

9. காப்புரிமை (காப்பிரைட்)

பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உங்களுடையதுதான். வழக்கு என்று வந்தால் பதிவுச் சான்று உதவும். காப்புரிமை அலுவலகத் தளத்தில் படிவம் 14: இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000. ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருப்பு. சான்று கைக்கு வர மாதங்கள் ஆகும். முதல் ட்ராக்குக்கு 500 ரூபாய்ப் பதிவு மட்டும் போதும். இசையமைப்பாளர் ராயல்டிக்கு ஐபிஆர்எஸ் (ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கம்) உறுப்பினராகலாம். பான், ஆதார், கேன்சல் செய்த காசோலை, வெளியான ஒரு படைப்பின் விவரம் கேட்பார்கள். முதல் படியில் பெயரைச் சரிசெய்திருந்தால் இது ஒரு மாலை வேலை.

சினிமாப் பாட்டிலிருந்து நாலு வினாடி எடுத்தாலும் அனுமதி வேண்டும். பதிவின் உரிமையாளர் ஒருவர், இசையின் உரிமையாளர் ஒருவர் என்று இரண்டு இடத்தில் கேட்கவேண்டும். "ஏழு வினாடி வரை பரவாயில்லை" என்பது கட்டுக்கதை.

10. மேடையில் போடவேண்டுமென்றால்

திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அந்த எல்லைக் காவல் நிலையத்தில் அனுமதி வேண்டும். பத்து நாள் முன்பே மனு கொடுங்கள்: இடம், தேதி, நேரம், ஸ்பீக்கர் எண்ணிக்கை, இட உரிமையாளரின் சம்மதக் கடிதம், அடையாள ஆவணம். இரவு 10 மணி முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் சட்ட வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. கிக் டிரம் இதை எளிதில் தாண்டும், அதனால் மூடிய அரங்கே நல்லது. அனுமதிக் கடிதத்தின் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மைக் செட்காரரிடம் கொடுத்துவையுங்கள். போலீஸ் வந்தால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள்.